பெரஸ்தாகி: இரண்டு எரிமலைகளுக்கு நடுவே ஒரு காய்கறி ஊர்

இந்தோனேசியாவின் வட சுமத்ராவில் காரோ மக்கள் வாழும் மேட்டுநிலத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,300 மீட்டர் உயரத்தில் பெரஸ்தாகி என்ற சிற்றூர் இருக்கிறது. வடக்கே சற்றுத் தொலைவில் சிபாயாக், மேற்கே இன்னும் கொஞ்சம் தள்ளி சினாபுங் என்று இரண்டு எரிமலைகள் நிற்க, அவற்றுக்கு நடுவே அந்த ஊர் முட்டைக்கோசும் கேரட்டும் உருளைக்கிழங்கும் பயிரிட்டுப் பிழைக்கிறது. பினாங்கில் வளர்ந்த எனக்கு அந்த ஊர் முதலில் காய்கறியாகத்தான் அறிமுகமானது. காரோ மேட்டுநிலத்தின் கோசும் கிழங்கும் பெலவான் துறைமுகத்தில் கப்பலேறிப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் வருவது பல பத்தாண்டுப் பழக்கம். எங்கள் சந்தையில், வட சுமத்ராவின் தலைநகரான மேடானின் பெயரால் மேடான் சரக்கு என்று சொல்லி விற்றதில் பெரும்பகுதி மேடானில் விளைந்ததல்ல, அதற்கு மேலே மலையில் விளைந்தது.

எரிமலைச் சாம்பல் மண்ணுக்கு உரமாகிறது, அந்த வளத்துக்காகவே மக்கள் ஆபத்தைப் பொறுத்துக்கொண்டு அங்கே வாழ்கிறார்கள் என்ற விளக்கத்தைப் பயணக் கட்டுரைகளில் அடிக்கடி பார்க்கலாம். கேட்பதற்கு அழகான, மலைக்கும் மனிதனுக்கும் ஏதோ உடன்படிக்கை இருப்பதுபோல் ஒலிக்கிற விளக்கம் அது. பெரஸ்தாகிக்குப் போய்வந்த பிறகு அதில் பாதிதான் உண்மை என்று எனக்குத் தோன்றுகிறது. மற்றப் பாதியை எழுதத்தான் இந்தப் பதிவு.

மேடானிலிருந்து பெரஸ்தாகிக்கு ஏறத்தாழ 65 கிலோமீட்டர். என்னை அழைத்துச் சென்றவர் மேடான் தமிழர் ஒருவர். தம் தாயாரின் சிகிச்சைக்காகப் பினாங்குக்கு வந்தபோது எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமானவர். நான் அவரை அண்ணன் என்றும் அவர் என்னைத் தம்பி என்றும் கூப்பிட்டுக்கொள்கிறோம். 1863இல் நீன்ஹாய்ஸ் என்ற டச்சுக்காரர் மேடானைச் சுற்றியுள்ள டெலிக் கரையில் புகையிலை பயிரிடத் தொடங்கியதை அடுத்து, தோட்டங்களுக்குச் சீனரும் சாவகரும் தமிழரும் ஆள்கட்டிக் கொண்டுவரப்பட்டார்கள். மேடான் நடுவில் 1884இல் எழுந்த ஸ்ரீ மாரியம்மன் கோயில் அந்த வரலாற்றின் அடையாளம். அண்ணனுடைய முன்னோரும் அப்படி வந்தவர்களே. அதே தோட்ட முதலாளிகளுக்குத்தான் பெரஸ்தாகியும் தேவைப்பட்டது. கடற்கரைப் புழுக்கம் தாங்காத டச்சுத் துரைமார், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலைப்பாதை திறந்ததும், இங்கே வந்து பங்களா கட்டினார்கள். தமக்கு வேண்டிய கோசையும் உருளைக்கிழங்கையும் பயிரிடச் சொன்னார்கள். நெல்லும் மக்காச்சோளமும் விளைந்த நிலம் ஒரு தலைமுறைக்குள் சந்தைக் காய்கறி நிலமாக மாறியது.

சிபோலாங்கித்தைத் தாண்டியபின் பாதை கொண்டையூசி வளைவுகளாகச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. காய்கறி ஏற்றிய லாரிகள் இறங்க, வாரக்கடைசி உல்லாசக்காரர்கள் ஏற, இரண்டும் ஒரே வளைவில் சந்திக்கும்போது யார் பின்வாங்குவது என்பது ஹாரன் ஒலியில் தீர்மானமாகிறது. ஜன்னலை இறக்கியதும் கந்தக நெடி வரும் என்று எதிர்பார்த்திருந்தேன். வந்தது கோழி எரு நாற்றம். தெருவோரம் மூட்டை மூட்டையாக அடுக்கி வைத்திருந்தார்கள். அதற்கு அடுத்த கடையில் பூச்சிமருந்து டப்பாக்கள், அதற்கடுத்ததில் யூரியா. வளமான எரிமலை மண் என்று பெயர் பெற்ற ஊரின் வாசலிலேயே இத்தனை உரக்கடை எதற்கு என்ற கேள்வியோடுதான் ஊருக்குள் நுழைந்தேன்.

ஊர் சிறியது. ஒரு நீண்ட கடைத்தெரு, இருபுறமும் சீனர் கடைகளும் காரோக்காரர்களின் பன்றியிறைச்சிச் சாப்பாட்டுக் கடைகளும், தெரு முனையில் சிமெண்டில் வடித்த முட்டைக்கோசுச் சிலை ஒன்று. தலைவர்களுக்குச் சிலை வைத்துச் சலித்த கண்ணுக்குக் கோசுக்கு வைத்த சிலை ஆறுதலாக இருந்தது. பர்மாவின் ஸ்வேதகோன் பகோடாவை மாதிரியாகக் கொண்டு 2010இல் திறக்கப்பட்ட பொன்னிறப் பகோடாவும் பக்கத்தில் உண்டு. படம் எடுத்துக்கொள்ள நல்ல இடம், அதற்கு மேல் சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. பழச்சந்தை வேறு விஷயம். கையால் உடைத்து உறிஞ்சுகிற மார்க்கிசா, தக்காளியைப் போன்ற தோற்றத்தில் புளிப்பும் இனிப்புமாக இருக்கும் தெரோங் பெலாண்டா, சலாக், அவகாடோ, பச்சைத் தோல் மாறாத ஆரஞ்சு என்று குவித்து வைத்திருக்கிறார்கள். வெற்றிலை மென்று சிவந்த வாயுடன் காரோப் பெண்கள் பழத்தை அறுத்து நீட்டி, ருசி பார்த்தபின் விலை கேட்டால் போதும் என்கிறார்கள். விலை சுற்றுலாக்காரர்களுக்கான விலை. அண்ணன் காரோ மொழியில் இரண்டு வார்த்தை பேசியதும் அது மூன்றில் ஒரு பங்கு இறங்கியது.

சாலையோரத்துக் கேரட் கழுவும் களம் ஒன்றில்தான் நான் அதிக நேரம் நின்றேன். வயலிலிருந்து வந்த கேரட்டைச் சுழலும் உருளைக்குள் கொட்டிக் குழாயால் தண்ணீரைப் பீய்ச்சுகிறார்கள். முதலில் வடியும் நீர் மை போலக் கறுத்திருக்கிறது. சிறிது நேரத்தில் பழுப்பாகி, பிறகு தெளிகிறது. அப்போது உருளைக்குள் ஆரஞ்சு நிறம் தெரியத் தொடங்குகிறது. ஓரத்தில் படிந்திருந்த சேற்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். இலேசாக, பொதுபொதுவென்று, விரலில் தேய்த்தால் வழுக்குவதாக இருந்தது. எரிமலைச் சாம்பல் சிதைந்து உருவாகும் இத்தகைய மண்ணை மண்ணியலார் ஆண்டிசோல் என்பார்கள். நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதிலும், வேர் தடையில்லாமல் இறங்க இடம் கொடுப்பதிலும், மட்கைச் சேர்த்து வைப்பதிலும் இதற்கு இணையான மண் குறைவு. கேரட் கோணாமல் நேராக இறங்குவது இதனால்தான். ஆனால் இதே மண்ணில் அலோஃபேன் என்ற கனிமம் நிறைய இருக்கிறது. அது பாஸ்பேட்டை, அதாவது பயிருக்கு வேண்டிய மணிச்சத்தை, கெட்டியாகப் பிடித்துக்கொண்டு பயிருக்கு விடாது. போட்ட மணிச்சத்தில் பெரும்பகுதியை மண்ணே விழுங்கிவிடுவதால், விவசாயி மேலும் மேலும் போட வேண்டியிருக்கிறது. வழியெல்லாம் நான் பார்த்த உரக்கடைகளுக்கு விடை அந்தச் சேற்றில் கிடைத்தது.

அந்த மண்ணின் வயதையும் கணக்கில் கொள்ள வேண்டும். காரோ மேட்டுநிலத்தின் பெரும்பகுதி, சுமார் 74,000 ஆண்டுகளுக்கு முன் தெற்கே தோபா எரிமலை வெடித்தபோது கொட்டிய சாம்பற்பாறையின் மேல் இருக்கிறது. அதன்மேல் சிபாயாக்கும் சினாபுங்கும் காலந்தோறும் தூவியவை மழையிலும் வெயிலிலும் சிதைந்து, வேரும் புழுவும் புகுந்து புறப்பட்டு, பல நூற்றாண்டுகளில் கறுப்பு மண்ணாயின. நேற்று விழுந்த சாம்பல் அப்படியல்ல. அது கண்ணாடித் துகளும் பாறைத் துகளும் கலந்த சாம்பல்நிறப் பொடி. அமிலம் ஒட்டியிருப்பதால் இலையைக் கருக்கும், மழை பட்டால் பூச்சுப் பூசியதுபோல் இறுகி நீரை உள்ளே விடாது. தக்காளிப் பூவில் விழுந்தால் காய் பிடிக்காது, கோசின் மடிப்புகளுக்குள் புகுந்தால் வியாபாரி தொடமாட்டான்.

சாம்பல் விழும்போது என்ன செய்வீர்கள் என்று களத்துக்காரப் பெண்மணியிடம் அண்ணனைக் கேட்கச் சொன்னேன். ஐம்பது வயதைத் தாண்டியவர். அண்ணன் அவரை நந்தே என்று, காரோ வழக்கப்படி தாய் முறை வைத்து அழைத்துப் பேசினார். “மெல்லிசாக விழுந்தால் கழுவிவிடுவோம். கனமாக விழுந்தால் அந்தப் போகத்தோடு கணக்கு மூடிற்று” என்றார் அவர். “அது மண்ணுக்கு நல்லதென்று வெளியூர்க்காரர்கள் சொல்வார்கள். என் பேரனுக்குப் பேரன் வந்து அறுக்கட்டும். நான் தவுக்கேக்கு இந்த மூன்று மாதத்தில் பணம் கட்ட வேண்டும்.” விதையும் உரமும் மருந்தும் கடனாகக் கொடுத்து, விளைச்சலைத் தாமே எடுத்துக்கொள்ளும் தரகு வியாபாரிக்கு அங்கும் தவுக்கே என்றுதான் பெயர். கோசு முற்றச் சுமார் மூன்று மாதம். கடனின் ஆயுளும் அவ்வளவுதான். மலையின் கொடை நூற்றாண்டுக் கணக்கில் வருகிறது, மலையின் அழிவு ஒரு பிற்பகலில் வருகிறது, இரண்டுக்கும் இடையில் மூன்று மாதத் தவணையில் ஒரு குடும்பம் ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை அந்த நந்தே சொன்னதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

சிபாயாக் சுமார் 2,200 மீட்டர் உயரம். கடைசியாக 1881இல் வெடித்ததாகப் பதிவு. விடியலுக்கு முன் கிளம்பி, வண்டி போகும் வரை போய், மீதியை நடந்தே ஏறலாம்; காட்டுவழியாக ஏறினால் வழிகாட்டி இல்லாமல் போகக்கூடாது, வழி தவறியவர்கள் உண்டு. மேலே போனதும் முதலில் காதுக்குத்தான் வேலை. பாறைப் பிளவுகளிலிருந்து ஆவி சீறிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்பதில்லை. பிளவின் வாயில் மஞ்சள் ஊசிகளாகக் கந்தகம் படிந்திருக்கிறது. எரிமலைவாயின் தரையில், ஏறி வந்த மாணவர்கள் வெள்ளைக் கற்களை அடுக்கித் தங்கள் பெயரையும் காதலி பெயரையும் எழுதி வைத்திருக்கிறார்கள். காதலுக்கு எரிமலைவாயைச் சாட்சியாக வைக்கும் துணிச்சலை இளமையைத் தவிர வேறெதிலும் எதிர்பார்க்க முடியாது. மலைக்குக் கீழே செமாங்காத் குனுங் பக்கம் வெந்நீர்த் தொட்டிகளில் குடும்பம் குடும்பமாக ஊறுகிறார்கள். அருகே பூமியின் சூட்டிலிருந்து மின்சாரம் எடுக்க அமைத்த சிறு நிலையமும் உண்டு. சிபாயாக் இப்படி ஊருக்குப் பழகிய மலை. அதன் உச்சியிலிருந்து மேற்கே பார்த்தால் சினாபுங் தெரிகிறது. ஒருபக்கச் சரிவு முழுவதும் பச்சையே இல்லாமல் சாம்பல் நிறத்தில் உரிந்து கிடக்கிறது.

ஏறத்தாழ 2,460 மீட்டர் உயரமுள்ள சினாபுங் 2010 வரை ஒரு நல்ல மலையேற்ற மலை. அடிவாரத்தில் லாவ் காவார் ஏரி. விடுமுறையில் இளைஞர்கள் அங்கே கூடாரம் அடித்துத் தங்குவார்கள். இந்தோனேசியாவின் எரிமலைத் துறை தன் மலைகளை மூன்று வகையாகப் பிரித்திருக்கிறது. 1600ஆம் ஆண்டுக்குப் பிறகு வெடித்ததாகப் பதிவுள்ளவை முதல் வகை. அவற்றுக்குத்தான் நிரந்தரக் கண்காணிப்பு. சினாபுங் நானூறு ஆண்டுகளாக வெடித்த பதிவு இல்லாததால் இரண்டாம் வகையில் இருந்தது. நூற்றுக்கும் மேற்பட்ட எரிமலைகள் உள்ள நாட்டில் கருவியையும் ஆளையும் எங்கே வைப்பது என்று முடிவு செய்யத்தான் வேண்டும். அந்தப் பகுப்பை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2010 ஆகஸ்டு இறுதியில் சினாபுங் விழித்தபோது, கிட்டத்தட்ட முன்னறிவிப்பில்லாமல் விழித்தது. பல்லாயிரம் பேர் கிராமங்களைவிட்டு இறங்கினார்கள். சில வாரங்களில் மலை அடங்கியதும் திரும்பி வந்து விதைத்தார்கள். மலையும் அப்போதுதான் முதல் வகைக்கு ஏறியது.

2013 செப்டம்பரில் தொடங்கியது அடங்கவில்லை. உச்சியில் எரிகுழம்பு கூழாகப் பிதுங்கிக் குவிந்து, குவியல் பெருத்ததும் சரிந்து, சூட்டு மேகமாக உருண்டு இறங்கும். நூற்றுக்கணக்கான டிகிரி வெப்பத்தில் வாயுவும் சாம்பலும் கல்லும் கலந்து, ஓடித் தப்ப முடியாத வேகத்தில் பள்ளத்தாக்கு வழியாக வரும் இந்த மேகம்தான் சினாபுங்கின் கொலைக்கருவி. 2014 ஜனவரி இறுதியில், ஐந்து கிலோமீட்டர் எல்லைக்கு வெளியே உள்ள கிராமத்தார் வீடு திரும்பலாம் என்று அனுமதி வந்தது. அதற்கு மறுநாள், பிப்ரவரி 1 அன்று, எல்லைக்கு உள்ளே இருந்த சுகாமெரியா கிராமத்தின் மீது சூட்டு மேகம் இறங்கியது. மாணவர்கள் உள்படக் குறைந்தது பதினாறு பேர் இறந்தார்கள். 2016 மே மாதம் காம்பெர் கிராமத்தில் ஏழு பேர் மாண்டார்கள். அதுவும் தடைசெய்யப்பட்ட பகுதியே. அவர்கள் வயலைப் பார்க்கப் போயிருந்தார்கள். 2018 பிப்ரவரி 19 காலை, உச்சிக் குவியலே சிதறிப் பதினைந்து கிலோமீட்டருக்கும் மேலான உயரத்துக்குச் சாம்பல் எழுந்தது. 2021க்குப் பிறகு மலை ஓய்ந்திருக்கிறது.

தடையை மீறிப் போனவர்கள் என்று செய்திகளில் எளிதாக எழுதிவிடுகிறார்கள். முகாமில் அரிசி கிடைக்கும், தவணை கட்டப் பணம் கிடைக்காது. அறுவடைக்கு நின்ற காப்பியையும் ஆரஞ்சையும் பார்க்கப் போகாமல் இருக்க, வங்கியில் கொஞ்சமாவது இருப்பு வேண்டும். பெரஸ்தாகியில் நின்று சினாபுங்கைப் படம் எடுக்கும் ஊர்க்காரருக்கும், அதே மலையின் தென்கிழக்குச் சரிவில் நிலம் வைத்திருந்தவருக்கும் எரிமலை ஒரே மாதிரியான அண்டை அல்ல. காற்று திரும்பும் நாட்களில் சாம்பல் விழுந்ததைத் தவிர பெரஸ்தாகிக்குப் பெரிய சேதம் இல்லை.

காரோக்காரர் அந்நியரைச் சந்தித்ததும் முதலில் கேட்பது குலம். ஐந்து பெருங்குலங்கள், குலத்தையும் தாய்வழியையும் கேட்டு, மாமனா மைத்துனனா என்று முறை கண்டுபிடித்த பிறகே பேச்சு நகரும். காப்பிக் கடையில் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்த பெரியவர், நான் தமிழன் என்று அண்ணன் சொன்னதும், “அப்படியானால் செம்பிரிங்தான்” என்று என்னைத் தம் குலத்தில் சேர்த்துக்கொண்டார். செம்பிரிங் குலத்தின் கிளைகளில் சோலியா, பாண்டியா, பிராமணா, மெலியாலா, குருகினாயன் என்ற பெயர்கள் உண்டு. அக்குலத்தாரில் ஒரு பகுதியினர் முற்காலத்தில் இறந்தவரை எரித்து எலும்பையும் சாம்பலையும் ஆற்றில் விட்டார்கள். சுமத்ராவின் மேற்குக் கரையில் கற்பூரத்துக்குப் பெயர்போன பாருஸ் அருகே, லோபு துவாவில் 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழுவினர் வெட்டுவித்தது அது. கரைக்கு வந்த வணிகர் வழியாகவே இப்பெயர்கள் மலை ஏறின என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். இதை வைத்துச் சோழன் கொடி பறந்த கதையைப் பெருக்கிச் சொல்லும் காணொளிகள் எனக்கு உவப்பில்லை. வணிகம் செய்ய வந்து, பெண்ணெடுத்து, மொழியை மறந்து, காரோவாகவே ஆகிப்போனார்கள் என்பது அதைவிட நல்ல கதை.

பெரியவர் குருகினாயன் கிளை. அதே பெயரில் சினாபுங் அடிவாரத்தில் ஊர் ஒன்று உண்டு, தம் கிளைக்கு அதுதான் தாயூர் என்றார். உண்டு என்றவர், இருந்தது என்று திருத்திக்கொண்டார். அந்த ஊரும் காலி செய்யப்பட்டுவிட்டது. மறுநாள் அந்தப் பக்கமாகப் போனோம். கூரைத் தகரம் துருப்பிடித்துத் தொங்கும் வீடுகள், தேவாலயத்துக்குள் இடுப்புயரப் புல், ஒரு வீட்டுச் சுவரில் குழந்தையின் உயரத்தைக் குறித்து வைத்த பென்சில் கோடுகள். கோடுகளுக்குப் பக்கத்தில் தேதி எழுதியிருந்தார்கள். ஊருக்குக் கீழே ஓடையில் மழைக்காலத்தில் சாம்பற்சேறு பெருக்கெடுத்து உருட்டி வந்த பாறைகள், வண்டியளவில் கிடந்தன.

முதலில் அழிந்த சுகாமெரியா, பெக்கெரா, சிமாச்செம் ஆகிய மூன்று ஊர்களிலிருந்தும் சுமார் 370 குடும்பங்களை, கபன்ஜாஹே நகரைத் தாண்டிச் சியோசார் என்ற இடத்தில் அரசு குடியமர்த்தியது. காடாக இருந்த இடம்; இராணுவத்தார் பாதை போட்டு வீடு கட்டினார்கள். ஒரே அச்சில் வார்த்த வீடுகள் வரிசையாக நிற்கின்றன. குடும்பத்துக்கு அரை ஹெக்டேர் நிலம். பெரஸ்தாகியைவிட உயரம், குளிரும் அதிகம், உருளைக்கிழங்கு நன்றாக வருகிறது. பின்னால் காலியான ஊர்களுக்குப் பணம் கொடுத்து நிலமும் வீடும் தாங்களே பார்த்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர்களில் பலர் அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் முகாம்களில் கிடந்தவர்கள்.

சியோசாரில் எங்களுக்குக் காப்பி கொடுத்த சிமாச்செம்காரர், கல்யாணமான இரண்டு பிள்ளைகளும் தாமும் அந்த அரை ஹெக்டேரை நம்பிப் பிழைக்க முடியாதென்பதால், சினாபுங் பக்கம் போய்க் குத்தகைக்கு நிலம் பிடித்திருப்பதாகச் சொன்னார். மலையை நெருங்க நெருங்கக் குத்தகை குறைவாம். பழைய ஊரில் அவருக்கு ஆரஞ்சுத் தோப்பு இருந்தது. பறிப்பார் இல்லாமல் பழம் உதிர்ந்து அழுகி, பழ ஈ பெருகி, அக்கம்பக்கத்துத் தோப்புகளையும் கெடுத்துவிட்டதாக வருத்தப்பட்டார். மறுபடியும் ஆரஞ்சு வைப்பீர்களா என்று கேட்டேன். கன்று காய்க்க மூன்று நான்கு வருடம் ஆகும், அங்கே யாரும் இப்போது மரம் வைப்பதில்லை என்றார். கோசு, மிளகாய், தக்காளி என்று ஒரு போகத்தில் முடிகிறவைதான். இந்த முறை கோசு வைத்திருக்கிறார், இன்னும் ஐந்து வாரத்தில் வெட்டு. விலை கிலோவுக்கு எவ்வளவு போகும் என்று அவருக்கு இன்னும் தெரியாது. பினாங்கில் இப்போது என்ன விலை என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். தவுக்கே தமக்குக் கொடுப்பதைச் சொல்லிவிட்டு, இரண்டையும் சிகரெட் அட்டையின் பின்புறம் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதிக் கழித்துப் பார்க்கத் தொடங்கினார்.